நியூரானும் புற்றுச் செல்லும் ஒரே தட்டில்: மூளைப் புற்று ஆய்வுக்குப் புதிதாக வருபவருக்கு

மூளையில் வளரும் கிளையோமாக் கட்டி, தன்னைச் சுற்றியுள்ள நியூரான்களின் செயல்பாட்டிலிருந்தே வளர்ச்சிக்கான தூண்டுதலைப் பெறுகிறது என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோஞ்சேயின் குழு 2015-ஆம் ஆண்டு சுண்டெலிகளில் காட்டியது. அந்தத் தூண்டுதலைக் கொண்டுசெல்லும் பொருள்களுள் நியூரோலிஜின்-3 என்னும் புரதம் முக்கியமானது என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. 2019 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் மூன்று ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. நியூரான்கள் கிளையோமாச் செல்களோடு உண்மையான சினாப்ஸ் இணைப்புகளை அமைக்கின்றன என்று மோஞ்சேயின் குழுவும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழுவும் தனித்தனியே நிறுவின. மூளைக்குப் பரவிய மார்பகப் புற்றுச் செல்கள் சினாப்ஸ்களை ஒட்டி அமர்ந்து அங்கு வெளிப்படும் குளூட்டமேட் என்னும் நரம்புச் செய்திப் பொருளைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன என்று லோசானில் டக்ளஸ் ஹனஹனின் குழு காட்டியது. இந்த முடிவுகளுக்குப் பின் நரம்பியலையும் புற்றுநோய் உயிரியலையும் ஒரே மேசையில் வைத்துச் செய்யும் ஆய்வகங்கள் பெருகியுள்ளன.

அப்படிப்பட்ட ஓர் ஆய்வகத்தில் சேர்ந்திருக்கும் முதுநிலை மாணவரையோ முனைவர் பட்ட மாணவரையோ மனத்தில் வைத்து இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது. பெரும்பாலும் நீங்கள் இரண்டில் ஒரு துறையிலிருந்துதான் வந்திருப்பீர்கள். உங்கள் துறையில் எவரும் கேள்வி கேட்காமல் செய்யும் அன்றாடப் பழக்கங்கள் சில, மற்றத் துறையின் சோதனையை ஓசையின்றிக் கெடுத்துவிடும். தட்டில் செல்கள் உயிரோடு இருக்கும், கருவி எண் காட்டும், வரைபடமும் அழகாக வரும், ஆனால் முடிவு பொய்யாக இருக்கும். எனவே நுணுக்கமான கருவிகளைப் பற்றிப் பேசுவதைவிட, இந்தப் பழக்கங்கள் மோதும் இடங்களை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்லிச் செல்வது பயன்படும் என்று கருதுகிறேன்.

எந்தக் கட்டி என்று முதலில் தெளிவாகுங்கள்

கிளையோபிளாஸ்டோமா என்ற பெயர் பழைய கட்டுரைகளில் ஒன்றைக் குறிக்கும். இன்று வேறொன்றைக் குறிக்கும். உலக சுகாதார அமைப்பின் 2021 வகைப்பாட்டின்படி, பெரியவர்களிடம் ஐடிஎச் மரபணுவில் பிறழ்வு இல்லாத கட்டிக்கு மட்டுமே அந்தப் பெயர் உரியது. ஐடிஎச் பிறழ்வு உள்ளவை, நுண்ணோக்கியில் எவ்வளவு கொடியனவாகத் தெரிந்தாலும், ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற பெயரில் 2 முதல் 4 வரை தரம் பெறுகின்றன. குழந்தைகளின் மூளைத்தண்டுப் பகுதியில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை, டிஎன்ஏ சுற்றியிருக்கும் எச்3 ஹிஸ்டோன் புரதத்தின் கே27 இடத்தில் மாற்றம் கொண்ட தனி வகையாக வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, 2010-ஐ ஒட்டி வந்த ஒரு கட்டுரையில் ‘கிளையோபிளாஸ்டோமா நோயாளிகள்’ என்று படித்தால், அவர்களுள் ஐடிஎச் பிறழ்வு உடையவர்களும் கலந்திருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் ஆய்வகம் பயன்படுத்தும் ஒவ்வொரு செல் வரிசைக்கும் (ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் செல்கள்) ஐடிஎச் நிலை, எச்3 நிலை, எம்ஜிஎம்டி என்னும் டிஎன்ஏ பழுதுநீக்கும் நொதியின் நிலை ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். எம்ஜிஎம்டியைச் சேர்ப்பதன் காரணம் மருந்துச் சோதனை பற்றிய பகுதியில் விளங்கும்.

படிக்க வேண்டிய கட்டுரைகளின் பட்டியலை எவரும் தருவார்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மேலே குறிப்பிட்ட 2015, 2019 ஆய்வுகளைப் படிக்கும்போது முடிவுரையை விட்டுவிட்டுச் செயல்முறைப் பகுதியை முதலில் படியுங்கள். எந்த ஊடகம் (செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசல்), நியூரானுக்கு எத்தனை நாள் வயது, எந்த ஒப்பீட்டுத் தட்டு (சோதிக்கும் காரணியை மட்டும் மாற்றி வைத்து ஒப்பிடும் தட்டு) என்று ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு, அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காத கேள்விகளோடு மூத்த மாணவரிடம் செல்லுங்கள்.

செல்லின் அடையாளம்

உறைகலனிலிருந்து எடுத்த குழாயின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பாதீர்கள். இது பணிவின்மை ஆகாது. புற்றுநோய் ஆய்வு பட்ட அடி இது. மார்பகப் புற்று என்று பல ஆண்டுகள் பயன்படுத்தப்பட்ட எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசை, எம்14 என்னும் மெலனோமா வரிசையே என்று பின்னர் தெரிந்தது. மூளைக்கட்டி ஆய்வில் பரவலாகப் புழங்கிய யு373 என்ற வரிசை, பல இடங்களில் யு251 வரிசையாக இருந்தது. அதாவது இரண்டு வரிசைகளில் ஒரே முடிவு கிடைத்தது என்று எழுதியவர்களுள் சிலர், ஒரே வரிசையை இரு முறை சோதித்திருக்கிறார்கள். 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் உருவாக்கப்பட்ட யு87 இன்னும் விசித்திரமானது. உலகெங்கும் விநியோகிக்கப்படும் யு87-இன் டிஎன்ஏ, உப்சாலாவில் பாதுகாக்கப்பட்டிருந்த மூல நோயாளியின் திசுவோடு பொருந்தவில்லை என்று 2016-இல் அங்குள்ள ஆய்வாளர்களே வெளியிட்டனர். அது ஒரு கிளையோபிளாஸ்டோமாவாகவே இருக்கலாம் என்று அவர்கள் காட்டியது சற்று ஆறுதல். ஆனால் யாருடைய கட்டி என்பது தெரியாது.

செய்ய வேண்டியவை இவை. முதலில், செல்லோசாரஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் உங்கள் வரிசையின் பெயரைத் தேடி, சிக்கலுள்ள வரிசை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதாக, எஸ்டிஆர் என்னும் டிஎன்ஏ அடையாளச் சோதனைக்கு மாதிரியை அனுப்புங்கள். மூல வரிசையோடு 80 விழுக்காடோ அதற்கு மேலோ பொருந்தினால் ஏற்றுக்கொள்வது வழக்கம். மூன்றாவதாக, மைக்கோபிளாஸ்மாச் சோதனை செய்யுங்கள். இந்த நுண்ணுயிரிக்குச் செல்சுவர் இல்லாததால் ஊடகத்தில் வழக்கமாகச் சேர்க்கும் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. ஊடகம் கலங்காது, நிறமும் மாறாது. ஆனால் செல்லுக்குரிய அர்ஜினினைத் தின்று, வளர்ச்சி வேகத்தையும் மரபணு வெளிப்பாட்டையும் மாற்றிவிடும். பிசிஆர் முறையில் மாதம் ஒரு முறை சோதிப்பது நல்ல வழக்கம். புதிதாக வரும் எந்தச் செல்லும் முடிவு தெரியும்வரை தனி இன்குபேட்டரில் இருக்கட்டும். தனி இன்குபேட்டர் இல்லாத ஆய்வகமானால், நாளின் கடைசி வேலையாக மட்டுமே அந்தச் செல்லைத் தொடுங்கள். இந்தியாவில் வேலை செய்பவர்கள் பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக, புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து பெறலாம். பக்கத்து ஆய்வகத்தின் நட்பு எவ்வளவு இனியதாக இருந்தாலும், அவர்களுடைய குழாய்க்கு வரலாறு இருக்காது.

சோதனை முடிவு சரியாக வந்தவுடன் பல குழாய்களாக உறையவையுங்கள். சீரத்தோடு 10 விழுக்காடு டிஎம்எஸ்ஓ என்னும் உறைகாப்புக் கரைப்பான், நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற அளவில் குளிரும் பெட்டி, பிறகு திரவ நைட்ரஜன். குழாயின் மேல் பெயர், நாள், பாசேஜ் எண் (செல்களைப் பிரித்து மறுபடி விதைத்த முறைகளின் எண்ணிக்கை) மூன்றும் இருக்க வேண்டும். ஒரு குழாயைத் திறந்தபின் எத்தனை பாசேஜ் வரை பயன்படுத்தலாம் என்ற வரம்பைச் சோதனைகளைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, அதைக் கடந்ததும் தயங்காமல் அடுத்த குழாய்க்குச் செல்லுங்கள்.

நரம்பியல் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. நரம்பியல் ஆய்வகங்களில் ‘நியூரான்’ என்ற பெயரில் பெரிதும் பயன்படும் எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்பது நியூரோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் புற்றிலிருந்து வந்தது. அது பெருகும் புற்றுச் செல். ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து அதை நியூரான் போல நீளச் செய்யலாம்; சில நச்சுத்தன்மைச் சோதனைகளுக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். ஆனால் நியூரானுக்கும் புற்றுக்கும் இடையிலான உறவை ஆராயும் தட்டில் இதை நியூரானாக வைத்தால், இரண்டு புற்றுகளை ஒன்றோடொன்று பேசவிட்டு வேடிக்கை பார்க்கிறீர்கள் என்பதே பொருள். இந்த ஆய்வுக்கு எலி அல்லது சுண்டெலியின் ஹிப்போகாம்பஸிலிருந்தோ புறணியிலிருந்தோ எடுத்த முதன்மை நியூரான்களோ, மனித ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய நியூரான்களோ வேண்டும்.

ஊடகம்: இரு துறைகளும் மோதும் இடம்

புதியவர்கள் மிகக் குறைவாகச் சிந்திப்பதும் மிகுதியாக அடிபடுவதும் ஊடகத்தில்தான்; ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

புற்றுநோய் ஆய்வாளர் கிளையோமாச் செல்லைப் பெரும்பாலும் 10 விழுக்காடு கன்றுக்கருச் சீரம் சேர்த்து வளர்ப்பார். செல்கள் தட்டில் நன்றாக ஒட்டி வேகமாகப் பெருகும். ஆனால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஒரு குழு 2006-இல் காட்டியபடி, நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களைச் சீரத்தில் வளர்த்தால் அவை மூலக் கட்டியின் மரபணுப் பண்புகளை இழக்கின்றன. சீரமின்றி இஜிஎஃப், எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணிகளைக் கொடுத்து வளர்த்தவை, மூலக் கட்டியைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. ஆகவே நியூரானோடு சேர்த்து வளர்க்கப் போகும் செல், முடிந்தவரை நோயாளியிடமிருந்து பெற்றுச் சீரமின்றி வளர்த்ததாக இருக்கட்டும். யு87 போன்ற பழைய வரிசைகள் கைப்பழக்கத்துக்கும் செயல்முறையைச் சரிபார்ப்பதற்கும் போதும்.

அடுத்தது குளூட்டமேட். புற்றுநோய் ஆய்வகத்தின் அலமாரியில் எப்போதும் இருக்கும் ஆர்பிஎம்ஐ 1640 ஊடகத்தில், லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளூட்டாமிக் அமிலம் சேர்க்கப்பட்டுள்ளது. மூலக்கூறு எடை 147 என்று கொண்டு கணக்கிட்டால், ஏறத்தாழ 136 மைக்ரோமோலார். புறணி நியூரான்களை 100 மைக்ரோமோலார் குளூட்டமேட்டில் 5 நிமிடம் வைத்தாலே பெரும் எண்ணிக்கையில் இறந்துவிடும் என்று டெனிஸ் சோய் 1987-இல் காட்டினார். புற்றுச் செல்லுக்கு உணவாக இருக்கும் ஊடகத்தை முதிர்ந்த நியூரான் தட்டில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. சீரத்திலும் குளூட்டமேட் உண்டு. ஆகவே புற்றுச் செல்களை நியூரான் தட்டுக்கு மாற்றும் முன் அவற்றை மென்மையாகச் சுழற்றிப் படியவைத்து, பழைய ஊடகத்தை நீக்கி, நியூரான் ஊடகத்திலேயே இரு முறை கழுவுங்கள். இதில் மற்றொரு சிக்கலும் உண்டு: கிளையோமாச் செல்கள் தாமாகவே, எக்ஸ்சிடி என்னும் கடத்தி வழியாக, குளூட்டமேட்டை வெளியேற்றும் இயல்புடையவை. எனவே உங்கள் தட்டில் நியூரான்கள் இறந்தால் அது நோயின் உண்மையான இயல்பாகவும் இருக்கலாம், கழுவாத ஊடகத்தின் விளைவாகவும் இருக்கலாம். புற்றுச் செல்லைக் கழுவிய கடைசி நீர்மத்தை மட்டும் ஒரு நியூரான் தட்டில் சேர்த்துப் பார்ப்பது, இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி. இந்த ஒப்பீட்டுத் தட்டைச் செய்யாமல் வந்த முடிவை நான் நம்பமாட்டேன்.

எதிர்த்திசையிலும் பொறி இருக்கிறது. நியூரான் வளர்ப்பவர்கள், தட்டில் கூடவே வளரும், நியூரான்களுக்குத் துணைநிற்கும் கிளையல் செல்களைக் கட்டுப்படுத்த, முதல் வாரத்தில் அராசி என்ற பொருளைச் சில மைக்ரோமோலார் அளவில் சேர்ப்பது வழக்கம். அது பகுப்படையும் செல்களின் டிஎன்ஏ ஆக்கத்தைத் தடுக்கும். நியூரான் பகுப்படையாது என்பதால் தப்பிவிடும். அராசி என்பது ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் சைட்டராபின் மருந்தேதான். நியூரான்களுக்கு ஊடகத்தை முழுமையாக மாற்றுவதில்லை. பாதியை எடுத்துப் பாதியை ஊற்றுவோம். 2 மைக்ரோமோலார் அராசி சேர்த்த தட்டில் நான்கு முறை இப்படிப் பாதி மாற்றினாலும், செல்கள் உள்வாங்கியதையும் சிதைந்ததையும் கணக்கில் கொள்ளாவிட்டால், 0.125 மைக்ரோமோலார் எஞ்சியிருக்கும். அந்தத் தட்டில் புற்றுச் செல்லை விதைத்துவிட்டு, ‘நியூரான்கள் கட்டியின் வளர்ச்சியைத் தடுக்கின்றன’ என்று எழுதுவது எவ்வளவு எளிது பாருங்கள். அராசி சேர்க்காத நியூரான் தட்டுகளைத் தனியாகத் தயாரிப்பதே நேர்மையான தீர்வு. கிளையல் செல்கள் சற்று மிகுந்திருப்பதைப் பொறுத்துக்கொண்டு, அவற்றை நிறமேற்றி எண்ணிக் குறித்துவிடலாம்.

ஊடகத்தில் சேர்க்கும் பி27 என்ற ஊட்டக் கலவையிலும் கவனம் வேண்டும். நியூரான்களுக்கு வைட்டமின் ஏ உள்ள பி27 வழங்கப்படுகிறது. ஸ்டெம் செல் இயல்பைத் தக்கவைக்க வேண்டிய கிளையோமாச் செல்களுக்கு வைட்டமின் ஏ நீக்கியதைப் பயன்படுத்துவார்கள், ஏனெனில் அந்த வைட்டமின் செல்களை முதிர்ச்சியை நோக்கித் தள்ளக்கூடியது. இரு புட்டிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். நியூரானையும் புற்றுச் செல்லையும் சேர்த்து வளர்க்கும் கூட்டு வளர்ப்புக்கு எதைத் தேர்ந்தாலும், புற்றுச் செல் மட்டும் இருக்கும் ஒப்பீட்டுத் தட்டும் அதே ஊடகத்திலேயே இருக்க வேண்டும்.

ஒரு மருந்தை வைத்துக் கைப்பழக்கம்

கூட்டு வளர்ப்புக்குள் நுழையும் முன், டெமோசோலோமைடு மருந்தைக் கொண்டு ஒரு சிறு சோதனையை முழுமையாகச் செய்துமுடிக்கும்படி பரிந்துரைக்கிறேன். கதிர்வீச்சோடு இந்த மருந்தையும் சேர்த்தால் கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாக உயர்கிறது என்று 2005-இல் ரோஜர் ஸ்டுப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட பின், அதுவே வழக்கமான சிகிச்சையாக நிலைத்துவிட்டது. பயிற்சிக்கு இதைத் தேர்வதன் காரணம், இதில் தவறு செய்வதற்கான வழிகள் நிறைய இருப்பதுதான்.

மருந்தின் மூலக்கூறு எடை 194.15. டிஎம்எஸ்ஓவில் 100 மில்லிமோலார் கரைசல் வேண்டுமானால் ஒரு மில்லிலிட்டருக்கு 19.4 மில்லிகிராம். இதை ஊடகத்தில் ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்தால் 100 மைக்ரோமோலார் மருந்தும் 0.1 விழுக்காடு டிஎம்எஸ்ஓவும் கிடைக்கும். குறைந்த அளவு மருந்து வேண்டும் தட்டுகளுக்கு டிஎம்எஸ்ஓவின் அளவும் குறைந்துவிடக் கூடாது. எல்லாத் தட்டுகளிலும், மருந்தில்லாத தட்டு உட்பட, அதே 0.1 விழுக்காடு இருக்கும்படி முதலில் டிஎம்எஸ்ஓவிலேயே படிப்படியாக நீர்க்கச் செய்யுங்கள். இந்த மருந்து அமிலத்தன்மையில் நிலைத்திருக்கும். ஊடகத்தின் பிஎச் நிலையில், 37 டிகிரியில், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதி சிதைந்துவிடும். எனவே ஊடகத்தில் கலந்து குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் பயன்படுத்தும் பேச்சே வேண்டாம்.

அளவிடும் நாளில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். டெமோசோலோமைடு குவானினின் ஓ6 இடத்தில் மெத்தில் தொகுதியைச் சேர்க்கிறது. அந்தக் காயம் செல்லைக் கொல்வதற்குப் பொதுவாக இரண்டு சுற்றுப் பகுப்பு கடக்க வேண்டும். 24 மணி நேரத்தில் எம்டிடி என்னும் நிறமாற்றச் சோதனை செய்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்றோ, அதை வேலை செய்ய வைக்க மிக உயர்ந்த அளவுக்குச் சென்று ‘வேலை செய்கிறது’ என்றோ முடிவு கூறுவது இரண்டும் பிழை. ஐந்து, ஆறு நாள்கள் காத்திருங்கள். இயன்றால் தனிச் செல்கள் திரளாக வளர்வதை எண்ணும் முறையையும் செய்யுங்கள். எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை, இறப்பை அளக்கவில்லை. அதனால் மெதுவாக வளரும் செல்லும் இறந்த செல்லும் அதில் ஒன்றாகத் தெரியலாம். 96 குழித் தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகும் என்பதால், அவற்றில் செல் வைக்காமல் உப்புக் கரைசலை மட்டும் நிரப்புங்கள்.

எம்ஜிஎம்டி என்ற நொதி அந்த மெத்தில் தொகுதியை நீக்கிவிடும். டி98ஜி வரிசையில் இந்த நொதி உண்டு, ஆகவே அது மருந்தைத் தாங்கும். யு87, யு251 வரிசைகளில் இல்லை. இவற்றை அருகருகே சோதித்து, எதிர்பார்த்த வேறுபாடு கிடைத்தால் உங்கள் கை தேறிவிட்டது என்று கொள்ளலாம். கிடைக்காவிட்டால் புதிய கண்டுபிடிப்பு என்று மகிழும் முன், செல்லின் அடையாளச் சான்றை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கூட்டு வளர்ப்பு

எலியின் 18-ஆம் நாள் கருவிலிருந்து எடுத்த ஹிப்போகாம்பஸ் நியூரான்களைப் பாலி-டி-லைசின் பூசிய கண்ணாடித் துண்டுகளில் விதைத்து, இரண்டு வாரம் வளர விடுங்கள். அதற்குமுன் சினாப்ஸ்கள் முதிர்ந்திருக்காது. முதிராத தட்டில் சினாப்ஸ் சார்ந்த விளைவைத் தேடுவது வீண். பிறகு, ஒளிரும் புரதம் ஏற்றிய புற்றுச் செல்களை மிகக் குறைந்த அடர்த்தியில் சேர்க்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பதை ஒரு முன்சோதனையில் நீங்களே கண்டறிய வேண்டும், ஏனெனில் அது செல் வரிசைக்கு வரிசை மாறும். அளக்கும் நாளன்றும் புற்றுச் செல்கள் ஒன்றையொன்று தொடாமல் நியூரான் வலையின் மேல் தனித்தனியே இருந்தால் அடர்த்தி சரி.

பெருக்கத்தை அளக்க எம்டிடி இங்கே உதவாது. அது நியூரானையும் புற்றையும் கலந்தே அளக்கும். புதிதாக டிஎன்ஏ ஆக்கும் செல்களில் மட்டும் ஏறும் ஈடியூவைக் கொடுத்து, மனிதச் செல் உட்கருவை மட்டும் அடையாளம் காணும் ஆன்டிபாடியாலும் நிறமேற்றி, மனித உட்கருக்களுள் எத்தனை விழுக்காடு ஈடியூ ஏற்றவை என்று எண்ணுவதே உகந்த வழி. ஜிஎஃப்ஏபி என்னும் புரதத்தைப் பற்றும் ஆன்டிபாடியைப் புற்றுக்கோ ஆஸ்ட்ரோசைட் என்னும் கிளையல் செல்லுக்கோ தனி அடையாளமாகக் கொள்ளாதீர்கள். இரண்டிலும் அந்தப் புரதம் இருக்கும்.

ஒப்பீட்டுத் தட்டுகளே இந்தச் சோதனையின் உயிர். அதே ஊடகத்தில் புற்றுச் செல் மட்டும் உள்ள தட்டு கட்டாயம். நியூரான்கள் வளர்ந்த ஊடகத்தை வடித்துப் புற்றுச் செல்லுக்குக் கொடுத்த தட்டு, நியூரோலிஜின்-3 போன்று வெளியில் சுரக்கும் பொருள்களின் பங்கைத் தொடுதலின் பங்கிலிருந்து பிரித்துக் காட்டும். நியூரானுக்குப் பதில் ஆஸ்ட்ரோசைட் வைத்த தட்டு, ‘ஏதோ ஒரு செல் துணையாக இருந்தால் போதும்’ என்ற ஐயத்தைத் தீர்க்கும். சோடியம் வாயிலை அடைக்கும் டெட்ரோடோடாக்ஸினை 1 மைக்ரோமோலார் அளவில் சேர்த்த தட்டு, நியூரானின் இருப்புப் போதுமா, மின் செயல்பாடும் வேண்டுமா என்று சொல்லும். வலிப்பு நோய்க்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட பெரம்பனெல், ஆம்பா என்னும் குளூட்டமேட் ஏற்பியைத் தடுப்பது. குளூட்டமேட் சினாப்ஸின் பங்கை ஆராய அதைப் பயன்படுத்தலாம், ஹைடல்பெர்க் ஆய்விலும் அது பயன்பட்டது. நியூரான்மீது செயல்படும் எந்த மருந்தைப் பயன்படுத்தினாலும், அதே அளவைப் புற்றுச் செல் மட்டும் உள்ள தட்டிலும் கொடுத்துப் பார்க்க வேண்டும். நரம்பியலிலிருந்து வருபவர்கள், டெட்ரோடோடாக்ஸின் நியூரானை மட்டுமே தொடும் என்ற எண்ணத்தில், இதை விட்டுவிடுவதுண்டு. டெட்ரோடோடாக்ஸின் கொடிய நஞ்சு என்பதால் எடை போடுவது முதல் கழிவு நீக்குவது வரை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு விதிப்படியே செய்யுங்கள். உலர்பொடியை எடை போட நேராதபடி, அளந்து அடைத்த குழாயாகவே வாங்கிவிடுவது நல்லது.

செல்லின் செயல்பாட்டைக் காட்டும் கால்சியம் ஒளிர்வைப் படம்பிடிப்பது இதற்கடுத்த படி. இந்த முதல் சோதனை நம்பத்தகுந்த முறையில் திரும்பத் திரும்ப வந்தபின் அதற்குச் செல்லலாம்.

எதை ஒன்று என்று எண்ணுவது

மூன்று முறை தனித்தனியாக நியூரான் வளர்ப்புத் தயாரித்து, ஒவ்வொன்றிலும் 4 கண்ணாடித் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 50 செல்களை எண்ணினால், மொத்தம் 600 செல்கள். உங்கள் மாதிரியின் அளவு 600 இல்லை, 3. ஒரே கருவிலிருந்து வந்த, ஒரே நாளில் விதைத்த செல்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனி மாதிரிகளாகக் கணக்கிட்டால் புள்ளியியல் சோதனை இல்லாத வேறுபாட்டையும் இருப்பதாகக் காட்டும். புற்றுச் செல்லின் பக்கமும் இதே கேள்வி எழும்: ஒரே நோயாளியின் செல் வரிசையை ஐந்து முறை சோதித்தால், அது அந்த ஒரு நோயாளியைப் பற்றிய உறுதியான செய்தி மட்டுமே. குறைந்தது மூன்று நோயாளிகளின் வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள்களில் தயாரித்த நியூரான்கள் என்று தொடக்கத்திலேயே திட்டமிடுங்கள். எண்ணுபவர் எந்தத் தட்டு எது என்று அறியாதபடி வேறொருவர் கோப்புகளுக்குப் பெயர் மாற்றித் தரட்டும்.

இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. பெயர்பெற்ற புற்றுநோய் உயிரியல் ஆய்வுகளை மறுபடி செய்துபார்க்கும் பெருந்திட்டம் ஒன்று, 23 கட்டுரைகளிலிருந்து 50 சோதனைகளைச் செய்துமுடித்து 2021-இல் முடிவை வெளியிட்டது. நேர்மறை விளைவுகளின் அளவு மூல ஆய்வில் சொல்லியதைவிட இடைநிலையாக 85 விழுக்காடு சிறியதாக இருந்தது. பல கட்டுரைகளில், சோதனையைத் திரும்பச் செய்வதற்குப் போதுமான செயல்முறை விவரமே இல்லை என்பதும் அத்திட்டம் சந்தித்த தடை.

பொதுத் தரவு

கையில் ஒரு மரபணுவின் பெயர் கிடைத்ததும், நோயாளிகளின் கட்டிகளில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க விரும்புவீர்கள். டிசிஜிஏ என்னும் அமெரிக்கப் புற்று மரபணுத் தொகுப்பு தன் முதல் கட்டியாக 2008-இல் வெளியிட்டது கிளையோபிளாஸ்டோமாவைத்தான். அதை சிபயோபோர்ட்டல் தளத்தில் நிரல் எழுதத் தெரியாமலேயே பார்க்கலாம். ஆனால் அந்தத் தரவு முழுத் திசுவிலிருந்து வந்தது. 2010-இல் இதே தரவிலிருந்து நான்கு துணைவகைகள் வரையறுக்கப்பட்டன. அவற்றுள் ‘நியூரல்’ என்று பெயரிடப்பட்டது, கட்டியோரத்தின் இயல்பான நரம்புத் திசு கலந்ததால் தோன்றியது என்று கருதப்பட்டு, 2017-இல் கைவிடப்பட்டது. சினாப்ஸ் சார்ந்த ஒரு மரபணு கட்டியில் மிகுந்திருப்பதாகத் தெரிந்தால், அது புற்றுச் செல்லில் இருக்கிறதா அல்லது மாதிரியில் ஒட்டிக்கொண்டு வந்த நியூரானிலா என்பதை ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளந்த தனிச்செல் தரவில் சரிபார்க்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்காதீர்கள்.

அனுமதிகள்

இது வறண்ட பகுதி. ஆனால் நாள்களைத் தின்பது. இந்தியாவில் நியூரானுக்காக எலியைப் பயன்படுத்தவும், பின்னர் சுண்டெலியின் மூளையில் கட்டியை வளர்க்கவும் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அக்குழு விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் சிசிஎஸ்இஏ அமைப்பின் கீழ் இயங்குகிறது. நோயாளியின் திசுவுக்கு மனித ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நோயாளியின் எழுத்துப்பூர்வ இசைவும் தேவை. இதற்கு ஐசிஎம்ஆர் என்னும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளே அடிப்படை. ஒளிரும் புரதத்தை லென்டிவைரஸ் கொண்டு ஏற்றுவதானால் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். ஆய்வகத்தில் ஏற்கெனவே அனுமதி இருந்தாலும், அதில் உங்கள் பெயரும் நீங்கள் செய்யப் போகும் செயல்முறையும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்த விண்ணப்பத்தை, ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். குழு கூடும் நாள் உங்கள் நியூரானின் வயதைக் கேட்டு வராது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் செல் வரிசையின் பாசேஜ் எண், கடைசி மைக்கோபிளாஸ்மாச் சோதனையின் நாள், ஊடகம், சீரம், பி27 ஆகியவற்றின் தொகுதி எண்கள், நியூரானின் வயது, அராசி சேர்த்ததா இல்லையா என்பவற்றை அன்றே எழுதுங்கள். நுண்ணோக்கிப் படங்களின் மூலக் கோப்புகளை எதுவும் மாற்றாமல் தனி வட்டில் வையுங்கள். ஒளிர்வைக் கூட்டுவது, வெட்டுவது எல்லாம் நகல்களில் மட்டும். குழுக் கூட்டத்தில் முதல் முடிவைக் காட்டும்போது வரைபடத்துக்கு முன்னதாக ஒப்பீட்டுத் தட்டுகளின் படங்களைக் காட்டுங்கள். கேள்விகளில் பாதி அங்கேயே எழும், அவற்றைக் குறித்துக்கொண்டு அடுத்த தட்டுகளை அதற்கேற்ப விதைக்கலாம்.